கோழியின் 6–8 மி.மீ. கருவக நுண்பைச் செல்கள் எஃப்எஸ்எச் ஹார்மோனுக்கு அசையவே இல்லை – உதவி தேவை

சீராக முட்டையிடும் வெள்ளை லெகார்ன் கோழிகள், 35 வார வயது. 6–8 மி.மீ. நுண்பைகளிலிருந்து (கருவகத்தில் முட்டைக்கரு வளரும் பைகள்) எடுத்த கிரானுலோசா செல்களுக்கு (பையின் உள் அடுக்குச் செல்கள்) எஃப்எஸ்எச் (நுண்பையைத் தூண்டும் ஹார்மோன்) 10 நானோகிராம்/மி.லி. கொடுத்து 24 மணி நேரம் வைத்தும் புரோஜெஸ்டிரோன் கட்டுப்பாட்டுக் குழுவின் அளவிலேயே நிற்கிறது. புரோஜெஸ்டிரோன் உற்பத்திக்குத் தேவையான ஸ்டார் மரபணுவின் எம்ஆர்என்ஏவும் உயரவில்லை.

வளர்ப்பு: மீடியம் 199, 2.5% சீரம், 40 டிகிரி செல்சியஸ், 5% கார்பன் டை ஆக்சைடு.

ஹார்மோன் கெட்டுப்போகவில்லை. அதே குப்பியிலிருந்து கொடுத்தால் 9–12 மி.மீ. நுண்பைச் செல்கள் நன்றாகவே சுரக்கின்றன; எஃப்1 (மிகப் பெரிய நுண்பை) செல்கள் எல்எச்-க்கும் (முட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் ஹார்மோன்) பதில் தருகின்றன. அடினைலில் சைக்ளேஸ் நொதியை நேரடியாகத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் கொடுத்தால் 6–8 மி.மீ. செல்களிலும் அந்த நொதி உண்டாக்கும் சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் மூலக்கூறு) ஏறுகிறது. ஆக அடினைலில் சைக்ளேஸ் வேலை செய்கிறது, தடை அதற்கு மேலே, ஏற்பி மட்டத்தில்தான்.

தேர்வுக்கு (வேகமாக வளரப்போகும் நுண்பை தேர்ந்தெடுக்கப்படுவது) முந்தைய நிலையில் எஃப்எஸ்எச் ஏற்பி இருந்தும் அதன் சமிக்ஞையை மேப் கைனேஸ் என்ற நொதிப் பாதை அடக்கிவைக்கும் என்பதால், அப்பாதையைத் தடுக்கும் யூ0126, 10 மைக்ரோமோலார் சேர்த்துப் பார்த்தோம். சிறிய உயர்வுதான், அதுவும் ஒவ்வொரு தொகுதிக்கும் மாறுகிறது. தீக்கா (நுண்பையின் வெளி அடுக்கு) ஒட்டியிருந்தால் அதிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணிகள் குழப்பும் என்று கிரானுலோசா படலத்தை மேலும் கவனமாகக் கழுவினோம், மாற்றமில்லை. சீரத்தில் உள்ள ஈஜிஎஃப் (மேப் கைனேஸைத் தூண்டும் ஒரு வளர்ச்சிக் காரணி) வகைக் காரணிகள் மீதுதான் இப்போது சந்தேகம்.

இந்தச் செல்களை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: எஃப்எஸ்எச் சேர்க்கும் முன் சீரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் வைத்தால் தடை விலகுகிறது?