பங்களா மேட்டில் எடுத்த கறுப்பு விதை: ஐரிஸா, கல்வாழையா?

தேயிலைமேடு:
வண்டிப்பெரியாறு பக்கம் எங்கள் எஸ்டேட்டில் பழைய துரை பங்களா ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதன் பின்மேட்டில் யாரும் நடாமல் வளர்ந்து நிற்கிற செடி இது. நீள இலைகள் விசிறியாக விரிந்திருக்கும். பூ ஆரஞ்சு, ஆறு இதழ், சிவப்புப் புள்ளிகள். இப்போது காய் வெடித்து, மிளகை விடச் சற்றுப் பெரிய கறுப்பு விதைகள் பளபளவென்று தெரிகின்றன. லயத்தில் பாட்டி கல்வாழை என்கிறார், பக்கத்து வீட்டுச் சேச்சி லில்லி என்கிறார். ஐரிஸ் விதை என்று தேடினால் தட்டையாக, பழுப்பாக வேறு ஏதோ வருகிறது. என்னதான் இது?

கம்பம்காரன்:
கண்வலிக்கிழங்கு இல்லை, அது மட்டும் உறுதி. மூலனூரில் மாமா தோட்டத்தில் பார்த்திருக்கிறேன், அதன் விதை ஆரஞ்சுச் சிவப்பு. இலை நுனியும் சுருண்டு பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும்.

விதைப்பெட்டி:
காயின் தலையில் காய்ந்த பூ முறுக்கிக்கொண்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். லில்லியில் காய் பூவுக்குள்ளே உருவாகும், ஐரிஸ் குடும்பத்தில் பூவுக்குக் கீழே. கல்வாழைக்கும் கீழேதான், ஆனால் அதன் காய்த்தோல் சொரசொரப்பு, இலையும் அகலம்.

நீங்கள் தேடிப் பார்த்த தட்டை விதை மஞ்சள் பூ பூக்கிற ஐரிஸ் சூடகோரஸாக இருக்கும். நீரோரச் செடி, விதைத்தோலுக்கு அடியில் காற்று இருப்பதால் விதை மிதந்து போய்ப் பரவும். எல்லா ஐரிஸ் விதையும் அப்படி இருக்காது. ஐரிஸ் ஃபோட்டிடிசிமாவுக்குச் செக்கச்செவேல் என்று இருக்கும்.

உங்களுடையது ஐரிஸ் டொமெஸ்டிகா என்றே படுகிறது. காயின் மூன்று சுவரும் பின்னால் மடங்கிய பிறகும் விதைகள் நடுத்தண்டை விட்டு உதிராமல் நிற்கும், அதுதான் இதன் தனி அடையாளம். பழைய புத்தகங்களில் பெலம்காண்டா சைனென்சிஸ் என்று இருக்கும். டிஎன்ஏ ஆய்வுக்குப் பிறகு 2005இல் ஐரிஸில் சேர்த்தார்கள். 1753இல் செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே இதை ஆர்க்கிட் வகையில் வைத்தவர், சேச்சியைக் குறை சொல்லாதீர்கள்!

தேயிலைமேடு:
முறுக்கிய பூ இருக்கிறது அண்ணே, விதையும் நடுத்தண்டிலேயே நிற்கிறது. விதைக்கலாமா?

விதைப்பெட்டி:
தாராளமாக. தண்ணீர் தேங்காத வெயில் இடம் பாருங்கள். கிழங்கு நச்சு, பிள்ளைகள், ஆடு மாடு எட்டாத இடமாக இருக்கட்டும். விதையையும் மிளகு காயும் பாயில் போட்டுவிடாதீர்கள்.