ஏலத்துக்கு வரும் பழைய தங்கக் கைக்கடிகாரங்கள்: நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

நான் சுவிஸுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மணிக்கூட்டுக்குப் பெயர்போன நாட்டில் இருந்துகொண்டும் 2017 மே மாதம் வரைக்கும் ஒரு ஏலக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஏலத்துக்கு முந்தின சில நாட்கள் யாரும் போய்ப் பார்க்கலாம், காசு கேட்கமாட்டார்கள் என்று வேலையிடத்தில் ஒரு சுவிஸ்காரர் சொன்னார். அதற்குப் பிறகுதான் லீவு போட்டுவிட்டு ஜெனீவாவுக்கு ரயில் ஏறினேன். பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலம். இடம், ஏரிக்கரையில் உள்ள லா ரிசர்வ் ஓட்டல்.

நான் பார்க்கப் போனது ஒன்றைத்தான்: வியட்நாமின் கடைசி மன்னர் பாவோ தாய் கட்டியிருந்த ரோலெக்ஸ். 6062 என்ற மாடல், மஞ்சள் தங்கம். 36 மில்லிமீட்டர்தான், இன்றைய பெடியன்கள் கட்டுகிற மணிக்கூடுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் பொம்பிளைப் பிள்ளைகளுடையது என்பார்கள். கறுப்பு முகம். மேலே கிழமைக்கும் மாதத்துக்கும் இரண்டு சின்ன யன்னல், சுற்றிவரத் தேதி, ஆறு மணி இருக்கவேண்டிய இடத்தில் நிலவு. இரட்டை எண் வருகிற இடங்களில் வைரம். பன்னிரண்டிலும் வைரம் வைத்ததால் ரோலெக்ஸ் கிரீடம் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அந்த இறங்கல்தான் எனக்கு நல்ல வடிவாகத் தெரிந்தது.

1954இல் வியட்நாமின் தலைவிதியைப் பேச ஜெனீவாவில் மாநாடு நடந்ததல்லவா, அப்போது மன்னர் வாங்கியது இது. கடைக்குப் போய், ரோலெக்ஸில் இதைவிட அரியது இல்லை என்கிற ஒன்றைத் தாருங்கள் என்று கேட்டாராம். அந்த மாநாடு நாட்டை இரண்டாகப் பிரித்தது, அடுத்த வருடம் அவருடைய பதவியும் போனது. மணிக்கூடு மட்டும் கையில் மிஞ்சியது. அவர் 1997இல் பாரிஸில் இறந்தார். 2002இல் குடும்பத்தார் விற்றபோது 342,000 பிராங்குக்குப் போனது. நான் பார்த்த அந்த 2017 ஏலத்தில் 5,066,000 பிராங்க்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். “எத்தனை பவுன் வரும்?” என்று கேட்டாள். சிரிக்கவேண்டாம், எங்கட ஆட்களுக்கு முதலில் வருகிற கேள்வி அதுதான். உருக்கினால் சில பவுன்தான் தேறும் என்றேன். பேசாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

அந்த ரோலெக்ஸைப் பார்த்த அதே அறையில் வேறொரு தங்க மணிக்கூட்டைத் தட்டில் வைத்து என் கையில் தந்தார்கள். விளிம்பெல்லாம் கீறல், முகத்தில் பழுப்பு. துடைத்து மினுக்கி வைத்திருக்கலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அங்கே வேலைக்கு நின்ற பொம்பிளைப் பிள்ளை, “மினுக்கியிருந்தால் இதை நாங்கள் எடுத்திருக்கவே மாட்டோம்” என்றது. அது இன்றைக்கும் மனதில் நிற்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, அந்தப் பெண் சொன்னதை இருபது வருடம் முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் தாத்தா பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஊர் திரும்பும்போது ஒரு ஒமேகா கான்ஸ்டலேஷன் கட்டிக்கொண்டு வந்தார். 18 காரட். முகத்தின் ஓரம் பணியாரத் தட்டு மாதிரி பன்னிரண்டு மடிப்பாகச் சரிந்திருக்கும். பின்மூடியில் வானத்து நட்சத்திரங்களை ஆராயும் கோபுரம், அதற்கு மேலே எட்டு நட்சத்திரம். சின்ன வயதில் அதை எண்ணிக் காட்டினால்தான் எனக்கு மிட்டாய் கிடைக்கும்.

அப்பா காலத்தில் அது ஓடாமல் நின்றது. என் கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனசுக்காரர். கேட்காமலே பாலிஷ் போட்டு, முகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்து, எழுத்தெல்லாம் புதிதாக அச்சடித்து, புத்தம்புதிதாகக் கொடுத்தார். நானும் சந்தோஷமாக ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தேன்!

நாலு வருடம் முன்பு சிங்கப்பூரில் இருந்தபோது ஒரு ஏல நிறுவனத்துக்கு எடுத்துப் போனேன். மதிப்பீடு செய்பவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகம் மறுபடி அச்சடித்தது, வார் மாட்டும் கால்களின் கூர்மை போய்விட்டது, தங்கத்தின் விலைக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும் என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து பின்மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு நட்சத்திரத்தில் மூன்றுதான் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

* * *

நான் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். இப்போது கண் சரியில்லை, மகன் பார்த்துக்கொள்கிறான். மேலே எழுதியிருக்கும் தம்பி அந்தக் கடைக்காரரைத் திட்டாமல் விட்டதற்கு நன்றி. அன்றைக்கு அப்படிச் செய்துகொடுப்பதுதான் நல்ல வேலை. பளபளப்பு இல்லையென்றால் கஸ்டமர் சண்டைக்கு வருவார்.

1980 தொடக்கத்தில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. அப்போது எங்கள் தொழிலில் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கு வயிறு எரியும். தங்கக் கடிகாரத்தைக் கொண்டுவந்து, மெஷினை மட்டும் கழற்றித் தரச் சொல்வார்கள். கூடு உருக்கப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தீப்பெட்டியில் போட்டு என்னிடமே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஒரு டப்பா நிறைய இருந்தது.

இன்னொன்று. பதேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனியின் 1518 என்று ஒரு மாடல், 1941இல் வந்தது. நிரந்தர நாட்காட்டியும் (மாதத்துக்கு எத்தனை நாள், லீப் வருடமா என்று தானே கணக்கு வைத்துக்கொள்வது) ஸ்டாப்வாட்சும் சேர்ந்தது. மொத்தம் செய்ததே 281. பெரும்பாலும் தங்கம். எவர்சில்வரில் நாலுதான் வெளியே தெரிந்திருக்கிறது. அந்த நாலில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் 11 மில்லியன் பிராங்குக்கு மேல் போயிற்று. அதுவரை தங்கத்தில் விற்றது எதுவும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. பாத்திரக்கடை உலோகம் நகைக்கடை உலோகத்தை ஜெயித்துவிட்டது என்று மகனிடம் சொல்லிச் சிரித்தேன்.

பழைய சுவிஸ் தங்கக் கூடு வாங்குவதாக இருந்தால் பின்மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். 18 காரட்டுக்கு 0.750 என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு பெண்ணின் தலையும் பொடியாகக் குத்தியிருக்கும். 1995க்குப் பிறகு அந்த இடத்தில் நாய்த் தலை. கூடு 1950ஆம் வருடத்தது என்று சொல்லிவிட்டு நாய்த் தலையைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

* * *

ஐயா சொன்ன தீப்பெட்டிக் கதை இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. கமிஷனைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: சுத்தியல் தட்டுகிற விலைக்கு மேல் வாங்குகிறவர் கட்டவேண்டியது 2017இல் கால்வாசி வரைக்கும் ஏறியது. நான் சொன்ன 5,066,000 அதுவும் சேர்ந்த தொகை. விற்கிறவரிடமும் தனியாகக் கழிப்பார்கள், அது பேசித் தீர்ப்பது.

சிங்கப்பூர்த் தம்பி, தாத்தாவின் மணிக்கூட்டை இப்போது கட்டுகிறீர்களா?

* * *

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டுகிறேன் அண்ணா. சாவி கொடுக்கத் தேவையில்லை, கையை ஆட்டினால் ஓடும்.

* * *

தம்பி, கண்ணாடியை மாற்றினார்களா என்று பாருங்கள். ஒமேகா போட்ட பழைய பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் நட்டநடுவில், முள் சுற்றும் அச்சுக்கு நேர் மேலே, ஊசி முனை அளவுக்கு கம்பெனி சின்னம் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸை வைத்து வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

* * *

மொட்டை மாடியில் நின்று எழுதுகிறேன் ஐயா. இருக்கிறது.