தண்ணீரைக் கலக்கக் கூடாது

ஜப்பானில் கடலோர வெந்நீரூற்று என்றால் எல்லோரும் அத்தாமி, பெப்பு என்றுதான் எழுதுகிறார்கள். நான் போனது யுனோட்சுவுக்கு. ஷிமானே மாநிலத்தில் ஜப்பான் கடலை ஒட்டிய சின்னத் துறைமுகம். பெயரின் பொருளே வெந்நீர்த் துறை. இசுமோவிலிருந்து மேற்கே டீசல் ரயிலில் போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். நாங்கள் போன பிப்ரவரியில் வழி நெடுகச் சாம்பல் நிறக் கடல்தான்.

16ஆம் நூற்றாண்டில் இவாமிச் சுரங்கத்து வெள்ளி இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறியது. அடுத்த வளைகுடாவான ஒகிதொமாரியில், கயிறு கட்டுவதற்குப் பாறையிலேயே குடைந்த துளைகள் இன்னும் இருக்கின்றன. 2007இல் சுரங்கத்தோடு சேர்ந்து இந்த ஊரும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அப்படியும் கூட்டமில்லை. ஒரே தெரு, இரண்டு பக்கமும் மரவீடுகள், செம்பழுப்பு ஓடுகள், தெருக்கோடியில் கடல்.

விடுதி பழைய மரக்கட்டடம். நடந்தால் தரை முனகும். ஜன்னலில் பழைய காலத்துக் கண்ணாடி. தலையை அசைத்தால் எதிர்வீட்டு ஓடுகள் நெளிந்தன. அறையில் மடித்து வைத்திருந்த யுகாத்தா என்ற பருத்தி அங்கியை ஏதோ ஒரு வாக்கில் சுற்றிக்கொண்டு படியிறங்கினேன். விடுதி அம்மாள் மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, தம் கிமோனோவின் கழுத்தைத் தொட்டு, இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும் என்று சைகை காட்டினார். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறையாம். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

விடுதிக்குள்ளேயே குளியலறை உண்டு. இருந்தாலும் மரச்செருப்பு சத்தமிடத் தெருவில் நடந்து மோத்தோயு என்ற பொதுக்குளியலுக்குப் போவதில்தான் சுவை. காயம்பட்ட தனுக்கி ஒன்று (நாய் இனம்தான், பார்வைக்கு மரநாய் மாதிரி) 1300 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊற்றில் ஊறிக் குணமானதாக ஊர்க்கதை. முதலில் வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் தொட்டி. துணி ஒன்றும் கூடாது. கூச்சம் எனக்கு ஐந்து நிமிடம் இருந்திருக்கும். தொட்டியில் காலை வைத்ததும் அது போன இடம் தெரியவில்லை. குளிப்பது என்றால் குளிர்வது என்று நினைத்து வளர்ந்தவன் நான். இங்கே நீர் ஏறத்தாழ 50 டிகிரியில் ஊறி வருகிறது. தொட்டிக்கு வந்த பிறகும் பெரிதாக ஆறிவிடுவதில்லை. கலங்கிய பழுப்பு நிறம். தொட்டி விளிம்பில் தாது படிந்து படிந்து, வெல்லப்பாகு பொங்கி வழிந்து உறைந்ததுபோல் அடுக்கடுக்காகப் புடைத்திருந்தது. எது கல், எது படிவு என்று தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

காலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். உள்ளே கழுத்தளவு உட்கார்ந்திருந்த முதியவர் முகம் சுளித்தார். நீரைக் கலக்காதே என்று கையால் காட்டினார். அசையாத நீரில் தோலை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்கு சற்றுத் தணிந்து நிற்கிறது. கலக்கினால் அது கலைந்துவிடும், சூடு புதிதாக வந்து கடிக்கும், எனக்கு மட்டுமல்ல, அவருக்கும். மரக்குவளையை என்னிடம் தள்ளி, கால், வயிறு, கடைசியில் தலை என்று ஊற்றிக்கொள்ளச் சொன்னார். அதன்பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல் இறங்கினேன். மூன்று நிமிடம் தாங்கினேன். வெளியே வந்தபோது மார்புவரை கோடு போட்டாற்போல் சிவந்திருந்தது.

இந்த ஊரில்தான் அசஹாரா சாய்ச்சி என்ற செருப்புத் தச்சர் வாழ்ந்தார், 1932இல் இறந்தார். மரச்செருப்பு இழைக்கும்போது உதிர்ந்த சீவல்களில் அமிதா புத்தரைப் பற்றிப் பாட்டெழுதியவர். தம்மை வரைந்த ஓவியரிடம், என் தலையில் கொம்பு வைத்து வரையுங்கள், எனக்குள் இருப்பது அதுதான் என்றாராம். கொம்போடு சிலையும் வைத்திருக்கிறார்கள். வெந்நீருக்காகப் போன எனக்கு இவர் கூடுதல் வரவு.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று: மீனை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் உலர்த்திய கட்சுவோ மீனின் சாறு கலந்திருக்கும். பதிவு செய்யும்போதே, கடற்பாசியும் உலர்ந்த ஷிதாகே காளானும் போட்டுச் சாறு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். என் மனைவிக்கு அப்படித்தான் செய்துகொடுத்தார்கள். பில்லில் ஆளுக்கு 150 யென் என்று தனி வரி இருந்தால் பதற வேண்டாம், அது வெந்நீரூற்று வரி.

*

மேலே எழுதியவருக்குக் கூச்சம் ஐந்து நிமிடம்தானா? எனக்கு ஒரு நாள் முழுக்க இருந்தது. நாங்கள் போனது வாகயாமா மாநிலத்தின் ஷிராஹாமாவுக்கு, என் அத்தையோடு, அதாவது மாமியாரோடு. அங்கே சாகி-நோ-யு என்று கடல் விளிம்பிலேயே பாறைத் தொட்டி இருக்கிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. சோப்புப் போடக் கூடாது. அலை பெரிதாக வந்தால் முகத்தில் உப்புத் தெறிக்கும்.

உடை மாற்றும் இடத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நான் தூணோடு தூணாக நின்றேன். 62 வயது அத்தை, "இங்கே நம்மை யார் தேடிக்கொண்டிருக்கிறார்கள்? வா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒசாகாப் பாட்டி ஒருவரோடு மூட்டுவலி பற்றிச் சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

பழைய ஊற்று என்றால் இதுவும் லேசுப்பட்டதல்ல. 658இல் பேரரசி சைமெய் இங்கே வந்து தங்கியது ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகியில் இருக்கிறது. வரலாறு இனிப்பானது அல்ல. இந்த ஊற்றின் பெருமையைச் சொல்லி அவரை வரத் தூண்டியவனே இளவரசன் அரிமா. அவர் இங்கே இருக்கும்போது சதி செய்ததாகப் பிடிபட்டு, விசாரணைக்கு இதே ஊற்றுக்குக் கொண்டுவரப்பட்டான். திரும்பும் வழியில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். வயது 19. அத்தையிடம் சொன்னேன். "பாவம், இவ்வளவு நல்ல இடத்தில்" என்றவர், இன்னும் கால் மணி நேரம் எழவேயில்லை.

*

மேலே எழுதிய இருவரையும் போலில்லை, நான் பட்டது வேறு. இசு தீபகற்பக் கடற்கரையில் ஒரு பழைய விடுதி, பெயர் வேண்டாம். ஆறு மணிக்குச் சாப்பாடு என்று எழுதியிருந்ததை நான் வழக்கமான ஹோட்டல் பேச்சு என்று நினைத்துவிட்டேன். அத்தாமியில் ரயில் மாறத் தவறி, ஏழு நாற்பதுக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்துவிட்டது. பணம் முழுதும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. தெருமுனை இயந்திரத்தில் சூடான சோளச் சூப் டப்பா இரண்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தொட்டியில் போய் உட்கார்ந்தேன். கடலில் ஹட்சுஷிமா தீவின் விளக்குகள் தெரிந்தன. பசியில் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் சுட்ட அஜி மீன் கருவாடும் மிசோ சூப்பும் வைத்தார்கள். மூன்றாவது கிண்ணம் சோறு கேட்டபோது, பரிமாறிய பெண் எதுவும் சொல்லாமல் சோற்று மரத்தொட்டியையே தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.