ட்வின் ஆட்டரும் வால் கேபிளும்

கவின்: மாமா, ட்வின் ஆட்டர்ங்கிற சின்ன ரெட்டை இன்ஜின் விமானம் 1988லயே நிறுத்தினதுதானே? புதுசு எப்படி வருது?

ராஜு மாமா: முதல்ல பறந்தது 1965 மே 20, கனடாவில. 1988க்குள்ள 844 செஞ்சு மூடிட்டாங்க. 2006ல வைக்கிங் ஏர் கம்பெனி டைப் சர்டிபிகேட்டை (அந்த டிசைனுக்கான அங்கீகாரம்) வாங்கி, அப்புறம் 400 வரிசையைக் கொண்டுவந்தாங்க. உடம்பு அதேதான். இன்ஜின் பி.டி.6ஏ-34, பைலட் முன்னாடி முள் மீட்டருக்குப் பதில் திரை.

மீனா அத்தை: நடுவுல வந்த எதுவும் இதுக்கு ஈடு இல்ல. 19 சீட். கரீபியன் கடல்ல சேபா தீவு ரன்வே 400 மீட்டர்தான், அதுலயும் இறங்கும். ஸ்காட்லாந்து பார்ராவுல ரன்வேயே கடற்கரை மணல்! கடல் ஏத்தம் வந்தா மணல் முங்கிடும், அதுக்கேத்த மாதிரி டைம்டேபிள் மாறும் 😄

கவின்: அவ்ளோ சின்ன இடத்துல எப்படி அத்தை?

மீனா அத்தை: இறக்கையோட பின்விளிம்புல ஃபிளாப்னு மடிப்புப் பலகை இருக்கு, அதோட நுனிப் பக்கம் இருக்கிற அய்லெரானும் (விமானத்தைச் சாய்க்கிற பலகை) சேர்ந்து கீழ இறங்கும். இறக்கையோட முழு நீளமும் தூக்குது. தரை தொட்டதும் ப்ராப் (முன்விசிறி) ரிவர்ஸ், காத்தை முன்னாடி தள்ளி வேகத்தைக் குறைக்கும்.

ராஜு மாமா: இன்ஜின் ஸ்டார்ட் பண்றதும் சுலபம். ஸ்டார்ட்டர், காத்தை அமுக்குற கம்ப்ரெஸரை மட்டும் சுத்தினா போதும், ப்ராப்பைச் சுத்துற டர்பைன் தனி. தண்ணில மிதக்கிற மிதவை வண்டிக்கு பிரேக் கிடையாது, ஃபெதர்ல (ப்ராப் பிளேடைக் காத்துக்கு நேரா திருப்பி வச்சு) ஸ்டார்ட் பண்ணினா ப்ராப் வண்டியைத் தள்ளாது. ஆனா பேட்டரி சோர்ந்திருந்து, கம்ப்ரெஸர் முழு வேகத்துல 12% சுத்து வர்றதுக்குள்ள எரிபொருளை விட்டா சூடு எகிறும், டர்பைன் பிளேடு போச்சு.

கவின்: எளிமையான வண்டி, பழுதும் கம்மி, அப்படித்தானே?

மீனா அத்தை: எளிமைன்னா, பைலட் இழுக்கறதை வால் வரைக்கும் கொண்டுபோறது வெறும் கம்பிக் கேபிள்டா. 2007ல பசிபிக் கடல்ல மூரியா தீவுல கிளம்பின ஒரு ட்வின் ஆட்டர், ஃபிளாப்பை ஏத்தும்போது மூக்கைத் தூக்குற எலிவேட்டர் (வால்ல இருக்கிற பலகை) கேபிள் அறுந்து கடல்ல விழுந்தது. 20 பேரும் போயிட்டாங்க. ஸ்டெயின்லெஸ் கேபிள் வழிகாட்டித் துளைல உரசித் தேஞ்சிருந்தது. நிறுத்தி வச்சிருந்தப்போ பெரிய ஜெட்டோட காத்து அடிச்சு மிச்ச இழையையும் பலவீனமாக்கியிருக்கணும்னு விசாரணை சொல்லுது.

கவின்: முன்னாடியே தெரியாதா?

ராஜு மாமா: கேபிள் மேல துணியை ஓட்டுவாங்க, அறுந்த இழை மாட்டும். ஆனா கேபிள் ஓடுற புல்லிக்குள்ள (கப்பி) ஒளிஞ்ச பகுதி தெரியாது. கண்ட்ரோலை ஒரு கோடிலேர்ந்து மறுகோடிக்கு நகர்த்தி அதையும் வெளிய கொண்டுவரணும். உள்இழை அறுந்தா துணில மாட்டாது. இழுவிசையைத் தளர்த்தி, கேபிளை வளைச்சுப் பார்த்தாதான் எட்டிப்பார்க்கும்.

கவின்: துணிக்குப் பதிலா கையாலயே தடவிப் பார்த்தா?

மீனா அத்தை: விரலைக் கிழிச்சுடும். பழைய பருத்தித் துணி போதும்.