பயோஇம்பீடன்ஸ் ஆய்வில் மருத்துவர்களை எந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்வது?

கேள்வி – மருத்துவக் கருவியியல் ஆய்வு மாணவர்

அனைவருக்கும் வணக்கம். மார்பைச் சுற்றி 16 எலக்ட்ரோடுகள் கொண்ட பட்டையைக் கட்டி, மிகச் சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, நுரையீரலுக்குள் காற்று சென்று வருவதைப் படமாகக் காட்டும் கருவி ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாக உருவாக்கி வருகிறோம். உடல் மின்னோட்டத்துக்குக் காட்டும் மறிப்பை (பயோஇம்பீடன்ஸ்) அளந்து படமாக்கும் இம்பீடன்ஸ் டோமோகிராபி என்று துறையினர் சொல்வது இதைத்தான். உப்புநீர்த் தொட்டியில் சோதித்தபோது, உள்ளே தொங்கவிட்ட பொருள் இருந்த இடத்தைச் சரியாகவே காட்டியது. அந்த நம்பிக்கையில், தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவரிடம் முடிவுகளைக் கொண்டு போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தப் படத்தைப் பார்த்த பிறகு நான் சிகிச்சையில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. கருவி முழுமை பெற்ற பிறகே மருத்துவர்களை அணுக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது தவறோ என்று இப்போது தோன்றுகிறது. அவர்களை எப்போது, எதைக் கேட்டு அணுகுவது?

பதில் 1 – தீவிர சிகிச்சை மருத்துவர்

அந்த மருத்துவர் கேட்டது உங்களை மறுப்பதற்காக அன்று. உங்கள் ஆய்வு தொடங்கியிருக்க வேண்டிய இடத்தையே அவர் காட்டியிருக்கிறார். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு, மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் பீப் அழுத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதை நாங்கள் அன்றாடம் முடிவு செய்கிறோம். குறைத்து வைத்தால் முதுகுப்புறத்து நுரையீரல் சுருங்கிப்போகும். கூட்டி வைத்தால் முன்புறத்துப் பகுதி அளவுக்கு மீறி விரிந்து சேதமடையும். சி.டி. ஸ்கேன் இதைத் தெளிவாகக் காட்டும் என்றாலும், உயிருக்குப் போராடும் ஒருவரை மணிக்கொரு முறை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக இயலாது. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும்போது எந்தப் பகுதி சுருங்குகிறது, எந்தப் பகுதி விரிகிறது என்பதைப் படுக்கையருகிலேயே உங்கள் கருவி காட்டுமானால், அதை வைத்து நான் ஒரு முடிவெடுப்பேன். படத்தின் நுண்மை சி.டி.க்கு ஈடாக இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் படம் காட்டுவது காற்றோட்டத்தால் ஏற்படும் மாற்றத்தை மட்டுமே. மாற்றம் இல்லாத பகுதி கருமையாகத் தெரியும்போது, அது சுருங்கிய நுரையீரலா, நெஞ்சுக்கூட்டில் தேங்கிய நீரா என்று படம் தானாகச் சொல்லாது. பொறியாளருக்கு இது தெரிந்த செய்திதான், ஆனால் சி.டி. படத்துக்குப் பழகிய எங்கள் கண் அதை உறுப்பின் உருவமாகவே படித்துவிடும். ஆகவே திரையில் எது எந்த நிறத்தில் இருக்க வேண்டும், நோயாளியின் வலப்பக்கம் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் எங்களுடன் அமர்ந்து முடிவு செய்யுங்கள்.

பதில் 2 – மின்னணுப் பொறியாளர்

மேலே மருத்துவர் எழுதியதை வழிமொழிகிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆய்வாளர்கள் பார்பரும் பிரவுனும் 1980களின் தொடக்கத்தில் இந்த முறையை உருவாக்கியபோதே அது மருத்துவ இயற்பியல் துறைக்குள் பிறந்தது. ஆயினும் படத்தை மீட்டெடுக்கும் கணிப்புமுறைகள் பல்கிப் பெருகி, ஒவ்வொரு குழுவும் தன் அளவுகோலால் தன்னையே அளந்துகொண்ட காலமும் உண்டு. 2009இல் வெளியான 'கிரெய்ட்' முறை, நுரையீரல் படத்துக்கு எவை எவை தேவை என்று பல துறையினர் முதலில் உடன்பட்டு, பிறகு அதற்கேற்பக் கணிப்புமுறையை வடிவமைத்ததால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதை எவ்வாறு அளப்பது, எந்தச் சொல்லால் குறிப்பது என்பதற்கான விரிவான இணக்க அறிக்கை 2017இல்தான் வந்தது. சொற்களில் உடன்படுவதற்கே அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தொட்டியை நம்பி ஏமாறாதீர்கள். இரு எலக்ட்ரோடுகளால் மின்னோட்டம் செலுத்தி, வேறு இரண்டால் மின்னழுத்தத்தை அளக்கும் நான்கு எலக்ட்ரோடு முறை, தோல்-எலக்ட்ரோடு இடையிலான மறிப்பைப் பெருமளவு ஒதுக்கிவிடும் என்பது பாடநூல் உண்மை. ஆனால் வியர்வையும் வீக்கமும் உள்ள தோலில் தொடர்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடும்போது, கம்பிகளிலும் சுற்றுகளிலும் மின்னோட்டம் கசிய வழிவிடும் மின்தேக்கத்தால் உயர் அதிர்வெண்ணில் பிழை திரும்பவும் நுழையும்.

பதில் 3 – தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

மருத்துவர்களை மட்டும் கேட்டால் போதாது என்று பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். பட்டையைக் கட்டுவது நாங்கள். நெஞ்சில் வடிகுழாயும் கட்டும் இருக்கும் இடத்தில் பட்டையை எங்கே கொண்டுபோவது? சற்றுக் கீழே இறங்கிவிட்டால் உதரவிதானம் குறுக்கே வந்துவிடும் என்கிறார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்த பிறகு பட்டை அதே உயரத்தில்தான் இருக்கிறதா என்று எவ்வாறு அறிவது? மணிக்கணக்காகக் கட்டியிருந்தால் தோலில் புண் வருமே. அதற்கு என்ன செய்திருக்கிறீர்கள்?

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா கேட்டவற்றில் ஒன்றுக்குக்கூட எங்கள் வடிவமைப்பில் விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணிப்புமுறையைச் செம்மைப்படுத்தும் வேலையை நிறுத்திவைத்துவிட்டு, பீப் அழுத்தத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள எண்ணுகிறேன். அந்த மருத்துவரிடம் மறுபடியும் பேசினேன். திங்கட்கிழமை காலைச் சுற்றின்போது உடனிருந்து பார்க்க அனுமதித்திருக்கிறார். கருவியை எடுத்துச் செல்லவில்லை. ஒரு குறிப்பேடு மட்டும் கொண்டு போகிறேன்.