கார் பெயிண்டில் கருப்புப் புள்ளி, பிசின் சொட்டு: தின்னர் போடலாமா?

கேள்வி:
வெள்ளை நிற கார். கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்குப் பின்னால் எல்லாம் கருப்புப் புள்ளிகள். பானெட்டில் தேன் நிறத்தில், மிளகு அளவு கெட்டிச் சொட்டுகள். ஷாம்பூ போட்டு இரண்டு தடவை கழுவியும் அசையவில்லை. தின்னர் தொட்டுத் துடைக்கலாமா?

பதில் 1:
தின்னர் வேண்டவே வேண்டாம். நிறத்துக்கு மேல இருக்கிற கண்ணாடி மாதிரி படலத்தையே (கிளியர் கோட்) இளக்கிடும். மறுபடி பெயிண்ட் அடிச்ச பேனலா இருந்தா நிறமே துணியில வந்துடும்.

ரெண்டும் வேற வேற அழுக்கு. கீழே இருக்கிறது தார். மண்ணெண்ணெய் இல்லன்னா டார் ரிமூவர்தான் கரைக்கும். பானெட்ல இருக்கிறது மரப்பிசின். அதுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தாருக்கு ஆல்கஹால் போட்டா கரையாது. கரையலையேன்னு அழுத்தித் தேய்ப்பீங்க, கீறல் விழும். பெயிண்ட் பாழாகிறது பெரும்பாலும் இப்படித்தான்.

வண்டியைக் கழுவி நிழல்ல நிறுத்துங்க, பாடி சூடு ஆறட்டும். எதுவானாலும் முதல்ல கண்ணுக்குப் படாத மூலையில போட்டுப் பாருங்க. மைக்ரோஃபைபர் துணியில மண்ணெண்ணெய் நனைச்சு, தார் மேல ஒரு நிமிஷம் ஒத்தி வைங்க. புள்ளியோட ஓரம் பழுப்பா கசிய ஆரம்பிச்சதும் ஒரே பக்கமா மெதுவா இழுங்க. அடுத்த புள்ளிக்குத் துணியைத் திருப்பிப் பிடிங்க. தார்ல மணல் இருக்கும், உப்புத்தாள் மாதிரி அரைச்சிடும். ரப்பர் பீடிங்ல மண்ணெண்ணெய் படக்கூடாது. முடிஞ்சதும் ஷாம்பூ போட்டுக் கழுவுங்க, இல்லன்னா எண்ணெய்ப் படலம் நிக்கும்.

கேள்வி கேட்டவர்:
தார் போயிடுச்சு, நன்றி. பிசின் ஓரம் மட்டும் இளகுது, நடுவில கல்லு மாதிரி நிக்குது. நகத்தால பெயர்க்கலாமா?

பதில் 2:
நகமும் வேண்டாம், பிளேடும் வேண்டாம். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாயிடுது, உள்ளே ஊற நேரமில்லை. அதான் சிக்கல். வெந்நீர்த் துணியை ரெண்டு நிமிஷம் வச்சு எடுத்து, ஈரத்தைத் துடைங்க. ஆல்கஹால் நனைச்ச பஞ்சை வச்சு, மேல பிளாஸ்டிக் தாள் மூடி ரெண்டு நிமிஷம் விடுங்க. பிசின் ஜவ்வு மாதிரி ஆயிடும், துணியோட வந்துடும். பாக்கி இருந்தா திரும்ப ஊற வைங்க, பலத்தைக் காட்டாதீங்க. பக்கத்துல நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது.

எடுத்த இடத்துல வட்டமா பள்ளம் தெரிஞ்சா, பிசின் கிளியர் கோட்டை அரிச்சிருக்கு. அதை எந்தத் திரவமும் எடுக்காது, பாலிஷ்தான்.

கடைசியா மெல்லிசான பிளாஸ்டிக் கவருக்குள்ள கையை விட்டு பெயிண்ட் மேல தடவிப் பாருங்க. வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். இருந்தா கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கிற, களிமண் மாதிரி கட்டி) வாங்கி, ஷாம்பூ தண்ணி தாராளமா விட்டு, நேர்கோட்டுல தேய்ங்க. கிளே தரையில விழுந்தா தூக்கிப் போட்டுடுங்க. துடைச்ச இடத்துல பழைய வேக்ஸ் போயிருக்கும், புதுசா ஒரு கோட் போடுங்க.