டெஸ்டிங் பக்கேஜ் கலந்த கணினி – உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கொக்குவில் தம்பி:
2024 வைகாசி நேரம், யாழ்ப்பாண நகரில் ஒரு அச்சகம். டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்ட கணினி, அதுதான் அப்போதைய ஸ்டேபிள், அதாவது நிலையான வெளியீடு. வேலையை விட்டுப்போன பொடியன் புது இங்க்ஸ்கேப் (படம் வரையும் மென்பொருள்) வேண்டுமென்று, மென்பொருள் எங்கிருந்து இறங்கும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் டெஸ்டிங் வரியைச் சேர்த்திருக்கிறான். டெஸ்டிங் என்பது அடுத்த வெளியீட்டுக்காகச் சோதனையில் இருக்கும் தொகுப்பு. எது எங்கிருந்து வரவேண்டும் என்று முன்னுரிமை போடும் பின்னிங் கிடையாது. முதலாளி அண்ணை எல்லாவற்றையும் புதுப்பிக்கும் ஃபுல்-அப்கிரேட் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், நீக்கப்போகும் பக்கேஜ்களின் (மென்பொருள் பொதிகளின்) பட்டியல் திரை நிறைய ஓடுகிறது. டெஸ்க்டாப் போகிறது, பிரின்டருக்கான கப்ஸ் போகிறது. பின்னால் கோயில் நோட்டீஸ் கட்டுக் கட்டாக அடிக்கக் கிடக்கிறது. "தம்பி, ஓமெண்டு குடுக்கட்டே?" என்று அவர் விரலை ஒய் விசை மேல் வைத்துக்கொண்டு கேட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அச்சகத்தில் போய்க் கப்ஸை ஏன் தூக்கப் பார்த்தது? இன்றைக்கும் மண்டையைக் குடைகிறது.

சுன்னாகம் சிஸ்அட்மின்:
அந்த மாதங்களில்தான் 2038இல் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் சிக்கலுக்காக, நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். மற்ற மென்பொருள்கள் நம்பியிருக்கும் ஏகப்பட்ட லைப்ரரிகளுக்குப் பெயரே மாறியது. லிப்கப்ஸ்2 என்பது லிப்கப்ஸ்2டி64 ஆனது. பழையதும் புதியதும் ஒன்றாக இருக்க முடியாது. பாதி மாறிய நிலையில், பக்கேஜ்களை ஏற்றி இறக்கும் ஆப்ட் பழையதை நம்பியிருப்பதைத் தூக்காமல் வேறென்ன செய்யும்?

பருத்தித்துறைக்காரன்:
தம்பி சொல்வதைப் பார்த்தால் டெஸ்டிங்கே ஆகாது என்று ஆகிவிடும். அப்படியில்லை. என் மடிக்கணினியில் முழுக்க டெஸ்டிங்தான், கலப்பு இல்லை. பயந்தது ஒரே தடவை, அதே 2024 மார்ச் கடைசியில். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் யாரோ பின்கதவு (திருட்டு வழி) வைத்திருப்பதை ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கொஞ்சம் மெதுவாவதைப் பார்த்துத் தோண்டிய மனிதர்! என்னிடம் இருந்ததும் அதே பதிப்பு. அப்டேட் கொடுத்ததும் 5.6.1+ரியலி5.4.5 என்று வந்தது. பதிப்பு எண் கூடினால்தான் ஆப்ட் தானாக ஏற்றும், அதனால் பழையதையே புது எண்ணுக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஸ்டேபிளுக்கு அந்தப் பின்கதவு வரவே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மானிப்பாய் அண்ணை:
பிள்ளையள், பின்னிங்கை ஒழுங்காகப் போடுங்கள். ஒன்றும் போடாவிட்டால் ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் முன்னுரிமை ஒரே 500. அப்போது பதிப்பு எண் கூடியது வெல்லும், முழுக் கணினியும் டெஸ்டிங்குக்கு இழுபடும். இந்த முன்னுரிமையை எழுதும் பிரிஃபரன்ஸ் கோப்பில் டெஸ்டிங்குக்கு 100 கொடுங்கள். அப்புறம் நீங்கள் கேட்டு எடுத்த பக்கேஜ் மட்டும் அங்கிருந்து புதுப்பிக்கும். 1000க்கு மேல் கொடுத்தால் பதிப்பைக் கீழேயும் இறக்கும், அதைத் தொடாதீர்கள். எதையும் போட முதல் ஆப்ட் பாலிசி என்ற கட்டளையை ஓட்டி எது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டெஸ்டிங்கிலிருந்து எடுத்ததற்கு ஸ்டேபிளின் பாதுகாப்புத் திருத்தம் வராது. டெஸ்டிங்குக்குப் போக முதல் பேக்போர்ட்ஸில் இருக்கிறதா என்று தேடுங்கள், அது புதுப் பதிப்புகளை ஸ்டேபிளுக்கென்றே கட்டித் தரும் தொகுப்பு.

கொக்குவில் தம்பி:
சுன்னாகம் அண்ணைக்கு நன்றி, இப்போது விளங்குகிறது. அந்த டெஸ்டிங் வரியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். இங்க்ஸ்கேப் பழையதுதான், நோட்டீஸ் நேரத்துக்குப் போய்விட்டது.